கையால் செய்த மடக்குக் கத்திகள்: உங்களுக்குப் பிடித்த கைவினைஞர்கள் யார், ஏன்?

6 ஜூன், கேள்வி

தொழிற்சாலைக் கத்திகள் நாலைந்து வைத்திருக்கிறேன். அடுத்ததாக ஒரு கஸ்டம் மடக்குக் கத்தி வாங்க எண்ணம். படங்களைப் பார்த்தால் எல்லாரும் அழகாகத்தான் செய்கிறார்கள், வித்தியாசம் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடித்த கைவினைஞர்கள் யார்? பெயரோடு காரணமும் வேண்டும். லைனர் லாக்கை (பிடிக்குள் இருக்கும் லைனர் என்ற மெல்லிய தகடு வளைந்து, திறந்த அலகைப் பூட்டும் முறை) கண்டுபிடித்தவர் என்பதால் மைக்கேல் வாக்கருக்குத்தான் முதலிடம் என்பது என் கணிப்பு.

6 ஜூன்

படத்தில் தெரிவது பிடியும் மெருகும் மட்டுமே. மடக்குக் கத்தியின் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது: அலகு சுழலும் பிவட், திறந்ததும் அலகு போய் முட்டும் ஸ்டாப் பின், பின்னாலிருந்து தாங்கும் பூட்டு. பூட்டு தொடும் இடம் பிவட்டிலிருந்து 8 மி.மீ. தூரத்திலும் அலகின் நுனி 90 மி.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டில் 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால் நுனி அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். கையில் எடுத்ததுமே அது தெரிந்துவிடும். இந்த மூன்று இடங்களையும் யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதை வைத்துத்தான் என் பட்டியல்.

வாக்கர் அதில் உறுதியாக உண்டு. ஆனால் லைனரை வளைத்துப் பூட்டும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. வாட்சன், சாட்விக் என்ற இருவர் 1906ல் பெற்ற காப்புரிமையில் அது இருக்கிறது, கட்டராகஸ் நிறுவனம் அதைக் கத்திகளில் பயன்படுத்தியது. அந்த அமைப்பில் அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங்கும் கூடவே இருந்தது. வாக்கர் 1980களின் தொடக்கத்தில் செய்த மாற்றம் வேறு. முதுகு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டார். ஸ்டாப் பின்னில் அலகை முட்டவைத்து, லைனரின் முனை டேங்கின் (பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதி) சாய்ந்த முகத்தை நேராகத் தாங்கும்படி செய்தார். மூடிய நிலையில் அலகைப் பிடித்துவைக்க லைனரிலேயே டிடென்ட் என்ற ஒரு சின்னக் குண்டைப் பதித்தார். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் ஒரே கையால் திறந்து ஒரே கையால் மூட முடிந்தது. தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்வதும் இந்த அமைப்பின் குணம்: முகம் தேயத் தேய லைனர் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும்.

6 ஜூன், இரவு

மற்ற பெயர்கள், சுருக்கமாக:

ரான் லேக். 1970களின் தொடக்கத்தில் இன்டர்ஃபிரேம் முறையை நிலைநாட்டியவர். உலோகச் சட்டத்தில் குழி குடைந்து, அதற்குள் கொம்பையோ சிப்பியையோ உட்காரவைப்பார். வெளிவிளிம்பு முழுக்க உலோகம் என்பதால் கொம்பு சுருங்கினாலும் பிடியின் ஓரம் கையை உறுத்தாது. பூட்டை விடுவிக்கும் நெம்பை வால்பகுதியில் வைத்தார், வெட்டும்போது கை அதில் படவே படாது.

பாப் டெர்சுவோலா. ஜி10 (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பலகை), டைட்டானியம், லைனர் லாக் மூன்றையும் சேர்த்து, வேலைக்கென்றே ஒரு மடக்குக் கத்திக்கு உருவம் கொடுத்தவர். 1990ல் ஸ்பைடெர்கோ நிறுவனம் அவர் வடிவத்தில் சி15 கத்தியை வெளியிட்டது.

கிறிஸ் ரீவ். லைனரைத் தனியாக வைக்காமல் பிடிப் பலகையையே பூட்டாக வெட்டியவர், அதுதான் ஃபிரேம் லாக். தென்னாப்பிரிக்காவில் தொடங்கி 1989ல் ஐடஹோ மாநிலத்தின் போய்ஸ் நகரத்துக்கு வந்தார். செபென்ஸா என்ற கத்தி அவருடையது.

டோனி போஸ். பூட்டில்லாமல் ஸ்பிரிங்கால் மட்டும் நிற்கும் ஸ்லிப்ஜாயிண்ட் கத்திகளை இந்தியானாவில் செய்தவர். இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

8 ஜூன்

ஒருவர் கேட்டது: "லைனர் லாக் நல்லதா கெட்டதா என்று பார்த்ததும் எப்படிச் சொல்வது?"

பார்த்துச் சொல்வதைவிட அழுத்திச் சொல்வது சரி. திறந்து பூட்டியபின் பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, அலகின் முதுகில் பெருவிரலால் மூடும் திசையில் அழுத்துங்கள். 'டக்' என்று மெல்லிய அசைவு வந்தால் பூட்டு சரியாக உட்காரவில்லை. கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். நல்ல பூட்டையும் அது சிதைக்கும், சொல்வதும் ஒன்றுமில்லை.

அடுத்து டேங்கின் பின்முகச் சாய்வு. பெரும்பாலானோர் 7 முதல் 9 பாகைக்குள் அரைக்கிறார்கள். டிஸ்க் சாணையின் மேசையைச் சாய்த்து, டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். சாய்வு குறைந்தால் லைனர் ஆப்பு வைத்ததுபோல் இறுகி, மூட விரல் வலிக்கும். கூடினால் அழுத்தத்தில் லைனர் வழுக்கி வெளியே வரும். லைனர் தொடும் இடம் பிவட்டுக்கு அருகில் இல்லாமல் முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். அருகில் தொட்டால் சாய்வு சரியாக இருந்தும் அலகு மேலும் கீழும் ஆடும்.

புதுக் கத்தியில் லைனர் டேங்கின் அகலத்தில் 25 முதல் 50 சதவீதம் வரை வந்து நிற்பது நல்லது. முதல் நாளே 80 சதவீதத்தில் நின்றால் தேய்வதற்கு இடமில்லை. வெறும் ஓரத்தை மட்டும் தொட்டால் பிடியை அழுத்தும்போது விலகிவிட வாய்ப்பு உண்டு.

8 ஜூன்

இறுகும் பூட்டுக்கு உடனடி உதவி: டேங்கின் முகத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் பூசுங்கள். மை மசகாகவும் வேலை செய்யும், பத்துப் பதினைந்து முறை திறந்து மூடியபின் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் லைனர் உண்மையில் எங்கே தொடுகிறது என்றும் தெரியும். கத்தியை அனுப்புமுன் பல கைவினைஞர்கள் செய்யும் சோதனையும் இதுதான்.

9 ஜூன்

மேலே சொன்ன 7–9 பாகை தட்டையான முகத்துக்கு மட்டும். சிலர் முகத்தை வட்ட வில்லாக அரைக்கிறார்கள். அங்கே ஒரே பாகை என்று ஒன்று கிடையாது, லைனர் உள்ளே நகர நகரச் சாய்வு மாறும். சரியாகச் செய்தால் தேய்ந்த பிறகும் பிடிப்பு ஒரே மாதிரி இருக்கும்.

டைட்டானியம் லைனர் எஃகு டேங்கில் ஒட்டிக்கொள்வது உலோகத்தின் இயல்பு. 6ஏஎல்-4வி கலவை, அதாவது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த டைட்டானியம், வலுவானது. ஆனால் உராயும்போது இழுபடும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டங்ஸ்டன் கார்பைட் மின்முனையால் முகத்தில் கார்பைட் படியவைப்பது முதல் வழி. அது சொரசொரப்பாகிப் பிடிப்பும் கூடும், ஆனால் மெல்லிய படிவுதான், காலப்போக்கில் தேயும். லைனர் முனையில் கடினப்படுத்திய எஃகுத் துண்டைத் திருகுவது இரண்டாவது. தேய்ந்தால் துண்டை மட்டும் மாற்றலாம். மூன்றாவது, செபென்ஸா 25, 31 இரண்டிலும் ரீவ் நிறுவனம் செய்தது: டேங்கைத் தொடும் இடத்தில் செராமிக் குண்டு. ஆயுளில் எனக்கு மூன்றாவது மேல். பழுது பார்ப்பதில் இரண்டாவது மேல்.

12 ஜூன்

போஸ் பற்றி. ஸ்லிப்ஜாயிண்டில் பூட்டே கிடையாது, ஒரு முதுகு ஸ்பிரிங்கும் அலகின் டேங்கும்தான். "அதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டவருக்கு: மறைக்க இடமில்லை என்பதுதான் கஷ்டம். லைனர் லாக்கில் சிறு பிழையை லைனரே ஈடுகட்டும். ஸ்லிப்ஜாயிண்டில் டேங்கின் மூன்று முகங்களும் ஸ்பிரிங்கை ஒரே உயரத்தில் நிறுத்தியாக வேண்டும். திறந்தபோது, பாதியில் நிற்கும்போது, மூடியபோது என மூன்று நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு லைனரோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நல்ல கைவினைஞர்கள் வைத்துக்கொள்ளும் எல்லை 0.025 மி.மீ. நகத்தை ஓட்டினால் தட்டக்கூடாது.

செய்முறை இப்படிப் போகும். தட்டையான எஃகுப் பலகையில் ஸ்பிரிங்கின் இரண்டு பின்களையும் பிவட் பின்னையும் நிற்கவைத்து, ஸ்பிரிங்கின் முதுகில், நுண்ணிய அளவு காட்டும் டயல் இண்டிகேட்டரின் முள்ளைத் தொடவிடுவார்கள். திறந்த நிலையில் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, பாதிக்கும் மூடிய நிலைக்கும் திருப்பிப் படிப்பார்கள். மூடும்போது ஸ்பிரிங் 0.1 உயர்ந்தால் டேங்கின் அந்த முகத்தில் உலோகம் அதிகம், அதை அரைக்க வேண்டும். தாழ்ந்தால் சேர்க்க வழியில்லை. மற்ற இரண்டு முகங்களையும் அந்தத் தாழ்ந்த மட்டத்துக்கு இறக்கி, பிறகு ஸ்பிரிங்கின் முதுகையும் லைனரையும் சேர்த்து அரைத்துச் சமப்படுத்த வேண்டும். ஹீட் ட்ரீட்மெண்டில் (சூடாக்கிக் கடினப்படுத்துவது) எஃகின் அளவு கொஞ்சம் மாறும் என்பதால் அதற்கு முன் 0.05 அளவு மிச்சம் வைத்து, கடைசி அரைப்பைப் பிறகு செய்வார்கள். அவசரக்காரர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

ஸ்பிரிங் அலகைவிட மென்மையாக இருக்க வேண்டும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அலகு 60 என்றால் ஸ்பிரிங் 45 முதல் 50 வரை. அதற்கு மேல் போனால் ஒருநாள் முறியும், கீழே போனால் வளைந்து தளர்ந்துவிடும்.

12 ஜூன்

இன்னொன்று, கிக். மூடியபோது டேங்கின் அடியில் உள்ள சிறு முண்டு ஸ்பிரிங்கில் உட்கார்ந்து, வெட்டுவாய் ஸ்பிரிங்கைத் தொடாமல் காக்கும். கிக்கை அரைக்க அரைக்க அலகு பிடிக்குள் இன்னும் இறங்கும், நுனி மறையும். கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டால் ஒவ்வொரு முறை மூடும்போதும் வெட்டுவாய் ஸ்பிரிங்கில் மோதி ஒரு இடத்தில் மழுங்கும். பழைய கத்தி வாங்கும்போது வெட்டுவாயின் நடுவில் ஒரு சின்னத் தட்டை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

13 ஜூன்

போஸின் கத்திகளில் எனக்குப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட பழைய வடிவங்கள், ஸ்வேபேக் ஜாக் போல. நூறாண்டுக்கு முந்தைய வேலைக்கத்தி வடிவத்தை எடுத்து, விகிதங்களைத் திருத்தி, பொருத்தத்தை இந்தக் காலத்து அளவுக்குக் கொண்டுவந்தார். கேஸ் நிறுவனம் அவரோடு சேர்ந்து வெளியிட்ட வரிசையால் அந்த வடிவங்கள் இன்னும் பலர் கைக்குப் போயின. அவர் மகன் ரீஸ் போஸும் இதே வேலைதான். டெக்ஸஸின் பில் ரூப்பிள், பல அலகுக் கத்திகளில் யூஜின் ஷாட்லி, இருவரையும் இதே வரிசையில் வைப்பேன்.

பல அலகு என்றால் இன்னொரு சிக்கல் சேரும். ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு அலகு இருந்தால் மூடும்போது ஒன்றையொன்று உரசும். தவிர்க்க அலகைச் சற்றே வளைப்பார்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் வேலை மட்டம்.

போல்ஸ்டரில் (பிடியின் முனையில் உள்ள உலோகப் பகுதி) அடித்த பின்னையும் பாருங்கள். போல்ஸ்டரும் பின்னும் ஒரே உலோகமாக இருந்து, துளையின் வாயை லேசாகச் சரித்து, பின்னை அடித்துப் பரப்பி அரைத்திருந்தால் பின் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அடி போதவில்லை.

20 ஜூன்

"ஃபிளிப்பர் செய்பவர்களை மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. பிடிக்கு வெளியே நீட்டியிருக்கும் அலகின் முண்டை விரலால் தட்டித் திறக்கும் கத்தி அது, வேறு கணக்கு.

ஃபிளிப்பரைப் பரவலாக்கியவர்களில் கென்டக்கியின் கிட் கார்சன் முக்கியமானவர், சி.ஆர்.கே.டி. நிறுவனம் வெளியிட்ட எம்16 கத்தி அவர் வடிவம். பிரேசிலின் ஃபிளாவியோ இக்கோமாவின் பெயர் ஐ.கே.பி.எஸ். பேரிங் முறையில் நிற்கிறது. குண்டுகளைக் கூண்டில் அடைக்காமல், குடைந்த பள்ளத்தில் நேரடியாக ஓடவிடுவது அந்த முறை. ரிக் ஹிண்டரர் தீயணைப்பு வேலையிலிருந்து வந்தவர். அவருடைய எக்ஸ்.எம்.18 கத்தியில் பூட்டுப் பட்டை வெளிப்பக்கம் அளவுக்கு மேல் வளையாமல் தடுக்கும் வட்டத் தகடு அவர் கொண்டுவந்தது. பட்டையை விரலால் தள்ளும்போது அதிகம் வளைத்துவிட்டால் ஸ்பிரிங் அழுத்தம் நிரந்தரமாகக் குறையும். அந்த நோய்க்கு இது நேரான மருந்து. ரஷ்யாவின் ஷிரோகோரோவ் கத்திகளில் எம்.ஆர்.பி.எஸ். என்ற பலவரிசை பேரிங். அலகு தன் எடையிலேயே விழும் அளவுக்கு ஓட்டம்.

ஃபிளிப்பரில் எல்லாம் டிடென்டைப் பொறுத்தது. வழக்கமான குண்டு 1.6 மி.மீ. அதற்குக் கொஞ்சம் சிறிய துளை போட்டு அழுத்திப் பதித்து, பாதிக்குக் குறைவாகவே வெளியே தெரியவிடுவார்கள். டேங்கில் உள்ள துளைக்குள் குண்டு முழுக்க விழக்கூடாது, துளையின் ஓரத்தில் தொங்க வேண்டும். அப்போதுதான் அது அலகை உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முழுக்க விழுந்தால் மூடிய நிலையில் அலகு லொடலொடக்கும். டிடென்ட் பலவீனமாக இருந்தால் தட்டியதும் அலகு பாதி வழியில் நிற்கும். சட்டைப்பையில் தானாகத் திறக்கும் ஆபத்தும் அதனால்தான். சோதிக்க, மூடிய கத்தியை அலகு வெளிவரும் பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து நன்றாக உதறுங்கள். துணி விரித்த மேசைக்கு மேலே, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி.

21 ஜூன்

பேரிங் வேண்டுமா, பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் போதுமா? மணல், மாவு, அட்டைத் தூசி படும் வேலைக்கு வாஷர். பேரிங்குக்குள் தூசி போனால் கரகரக்கும். டைட்டானியத்தில் நேரடியாக ஓடும் குண்டு, பிவட்டை அதிகம் இறுக்கினால் உலோகத்தில் குழிவரிசை போட்டுவிடும். அதன்பின் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பழைய ஓட்டம் வராது. பேரிங் குழியின் அடியில் கடின எஃகுத் தகடு வைத்திருக்கிறாரா என்று செய்பவரிடம் கேளுங்கள்.

வாஷரில் எனக்குப் பிடித்த தீர்வு பெரிய செபென்ஸா 21ல் உள்ளது. பிவட்டைச் சுற்றி ஒரு புஷிங், அதன் நீளம் அலகின் தடிமனும் இரண்டு வாஷரும் சேர்ந்ததைவிட நூலிழை கூடுதல். திருகை முழுக்க இறுக்கினாலும் அழுத்தம் புஷிங்கில்தான் விழும், அலகு சுதந்திரமாகச் சுழலும். எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நூலிழையை எட்ட, புஷிங்கை நுண்தாளில் எட்டு வடிவில் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்கள்.

2 ஜூலை

"ரீவ் கஸ்டம் கைவினைஞரா?" இன்று அது ஒரு நிறுவனம், வரிசை உற்பத்தி. கண்டிப்பாகப் பார்த்தால் கஸ்டம் இல்லை. பட்டியலில் வைத்த காரணம், இன்று யார் ஃபிரேம் லாக் செய்தாலும் அவர் வகுத்த அமைப்பில்தான் செய்கிறார்கள். சுமார் 4 மி.மீ. டைட்டானியப் பலகை, வளையும் இடத்தில் 1 முதல் 1.3 மி.மீ. வரை மெலித்த பள்ளம். பள்ளம் தடித்தால் விரல் நோகும், மெலிந்தால் பக்கவாட்டுச் சுமையில் பட்டை நெளியும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வது வாங்கும்போது உதவும். அரைப்பது, பொருத்துவது எல்லாம் ஒருவரே செய்தால் கஸ்டம். பாகங்களை வெளியே சி.என்.சி.யில் வெட்டவைத்து, பொருத்தம் மட்டும் அவர் கை என்றால் மிட்டெக். அவர் வடிவத்தை நிறுவனம் செய்தால் கொலாபரேஷன். மூன்றிலும் நல்ல கத்தி உண்டு. மிட்டெக்கைக் கஸ்டம் விலைக்கு விற்பதுதான் தவறு. ஹீட் ட்ரீட்மெண்டை வெளியே கொடுப்பது குறையில்லை, நல்ல உலைக்கூடம் பல தனிப் பட்டறைகளைவிடச் சீராகச் செய்யும்.

5 ஜூலை

எஃகு பற்றிக் கேட்டவர்களுக்கு. கையால் மெருகேற்ற வேண்டிய அலகுக்கு சி.பி.எம்.154 அல்லது ஸ்வீடனின் ஆர்.டபிள்யூ.எல்.34. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கலவை. 1065 பாகை செல்சியஸில் சூடாக்கி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்வித்து, உறைநிலைக்குக் கீழ் கொண்டுபோய், இரண்டுமுறை டெம்பர் செய்தால் ராக்வெல் சி 60–61 கிடைக்கும். எஸ்30வி 2001ல் வந்தது, அதை உருவாக்கியதில் ரீவுக்கும் பங்குண்டு. எம்390 கூர் தாங்கும், ஆனால் கையால் மெருகேற்றுவது பெரும்பாடு. லாரின் தாமஸ் வடிவமைத்து 2021ல் வந்த மேக்னாகட், துரு தாங்குவதையும் உடையாமல் தாங்குவதையும் சேர்த்துத் தருகிறது.

எந்த எஃகானாலும் வெட்டுவாய்க்குச் சற்று மேலே அலகின் தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள். 0.4 முதல் 0.5 மி.மீ. என்றால் வெட்டும். 0.8 என்றால் எந்த எஃகும் காப்பாற்றாது.

11 ஜூலை

டைட்டானியத்தின் நிறம் சாயமா? இல்லை. மின்னழுத்தம் கொடுத்து வளர்க்கும் ஆக்சைடு படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. கரைசலில் ட்ரைசோடியம் பாஸ்பேட் போதும். 15–20 வோல்ட்டில் வெண்கல நிறம், 25–30ல் அடர்நீலம், 55–60ல் பொன்மஞ்சள், 100ஐ ஒட்டிப் பச்சை. உயர்ந்த வோல்ட்டிலிருந்து திரும்பி வர முடியாது, படலத்தை அகற்றி மறுபடிதான் தொடங்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் நிறம் மாறித் தெரியும், துடைத்தால் சரியாகும். கீறினால் சரியாகாது. லைனரில் நிறம் ஏற்றும் பழக்கத்தைக் கத்தி உலகில் பரப்பியவர்களிலும் வாக்கர் உண்டு.

18 ஜூலை

கேள்வி கேட்டவர் இப்போது ஆர்டர் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். எழுத்தில் இருக்க வேண்டியவை: அலகின் நீளம், எஃகும் கடினமும், பூட்டின் வகை, வலக்கையா இடக்கையா, பையில் மாட்டும் கிளிப் எந்தப் பக்கம், பையில் நுனி மேலா கீழா, வாஷரா பேரிங்கா, ஆட்டம் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. இடக்கைக்காரர்கள் பூட்டும் கிளிப்பும் இரண்டும் மாற வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள், கிளிப்பை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவது நடக்கிறது. முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரைத் தவிர்க்கலாம். பெயர் பெற்ற பலர் கத்தி முடிந்த பிறகே பணம் கேட்கிறார்கள்.

இரண்டாம் கையில் வாங்கினால் செபென்ஸா, ஹிண்டரர், ஷிரோகோரோவ் மூன்றுக்கும் போலிகள் நிறைய. படம் மட்டும் கேட்காதீர்கள். பிரித்த நிலையில் லைனரின் உட்பக்கம், டேங்கின் முகம், வாஷர்கள் ஆகியவற்றின் படம் கேளுங்கள். போலிகளில் வெளிப்புறம் நன்றாக இருக்கும், உட்பக்கத்தில் எந்திரக் கோடுகளும் பிசிறும் அப்படியே கிடக்கும்.

முதல் கஸ்டம் என்றால் என் யோசனை ஒற்றை அலகு ஸ்லிப்ஜாயிண்ட். ஜூன் ஆறாம் தேதி வாக்கரை முதலில் எழுதியது அவர் செய்த மாற்றத்தின் அளவுக்காக. கையில் வைத்துப் பொருத்தம் என்றால் என்னவென்று கற்க ஸ்லிப்ஜாயிண்டே நேர்வழி.

19 ஜூலை

"வாங்கியதும் பிரித்துப் பார்க்கலாமா?" முதலில் செய்பவரிடம் கேளுங்கள். சிலர் பிரித்தால் உத்தரவாதம் இல்லை என்பார்கள். பின் அடித்த ஸ்லிப்ஜாயிண்டைப் பிரிக்கவே கூடாது.

திருகு வைத்ததென்றால் திருப்புளிக்கு டி6, டி8 நட்சத்திர முனைகள் நல்ல தரத்தில் வேண்டும். மலிவு முனையில் டி6 திருகின் தலை உடனே வழுக்கும். திருகு அசையாவிட்டால் பலம் போடாதீர்கள், உள்ளே லாக்டைட் என்ற திருகுப் பசை இருக்கும். சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் முப்பது விநாடி வைத்தால் இளகிவிடும். பிடி மரமோ கொம்போ என்றால் பத்து விநாடியில் எடுத்துப் பார்த்து மறுபடி வையுங்கள், சூடு பரவினால் கொம்பு வளையும். திரும்ப மாட்டும்போது சிறிய திருகுகளுக்கு ஊதா நிற லாக்டைட் 222 போதும், ஊசிமுனை அளவு. பிவட்டில் அதிகம் விட்டால் வழிந்து வாஷருக்குள் போய் உறைந்து, ஓட்டம் இறுகிவிடும். அலகின் பக்கம் பூசாமல் திருகின் மரையில் மட்டும் தொட்டு, மாட்டியபின் அலகை நாலைந்து முறை திறந்து மூடி, ஒருநாள் அசைக்காமல் விடுங்கள்.